மலை அசையாது

மன்றத்தின் கிழக்குச் சுவர் முழுக்கக் குதிரைப்பல் மலை படமாக நின்றது. அடிவாரத்து அரளிச்செடியின் இலை நரம்பிலிருந்து உச்சிப்பாறையின் வெடிப்பு வரை எல்லாம் ஒரே கூர்மை. வெயில் பட்ட பாறை வெளுத்துப்போகவில்லை, நிழல் விழுந்த பொந்து கறுத்துப்போகவும் இல்லை. மனிதக் கண்ணுக்கு என்றைக்கும் வாய்க்காத காட்சி. அதனால்தான் சட்டம் மனிதக் கண்ணை ஒதுக்கிவிட்டு அதை நம்ப ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

"அந்த மலை அங்க இல்லீங்க ஐயா," என்றார் சேதுபாண்டி.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சேதுபாண்டி மின்வாரியத்தில் லைன்மேன். மலைக்குக் கீழே அறுபது வீடுள்ள தெருவில் ஒன்று அவருடையது. மலையின் பின்பக்கத்தை மட்டும் வெட்டுவதாக உரிமம் வாங்கியிருந்த குவாரி இப்போது பெரிய வெடி வைக்க அனுமதி கேட்டிருந்தது. வெடிக்கும் தெருவுக்கும் நடுவே முழு மலை நிற்கிறது, கல் எப்படிப் பறந்து வரும் என்பது குவாரி வக்கீலின் வாதம். நடுவே நிற்பது ஒரு சுவர்தான், அதுவும் விரிசல் விட்டது, வெடித்தால் பாறை எங்கள் கூரைமேல்தான் இறங்கும் என்பது சேதுபாண்டியின் மனு. ஆதாரமாக ஒரு பழைய கேமராவில் எடுத்த ஒற்றைப்படம் வைத்திருந்தார். தூசியும் வெயிலுமாகப் பாதி வெளுத்துப்போன படம்.

மன்றத் தலைவர் ரஹ்மத்துல்லா சாட்சிக் கூண்டைப் பார்த்தார். "பதிவகத்தோட நிபுணர் என்ன சொல்றீங்க?"

கிருஷ்ணவேணி எழுந்தாள். நிலக்காட்சிப் பதிவகத்தை நிறுவிய இருவரில் ஒருத்தி. இந்தக் கேள்விக்கு எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஒற்றைப்படம் சாட்சி ஆகாதுங்க ஐயா. அது ஒரு தூரத்தைத்தான் பார்க்கும், ஒரு வெளிச்சத்தைத்தான் தாங்கும். மிச்சத்தையெல்லாம் மறைச்சிடும். அடுக்குப்படம் மறைக்காது."

சேதுபாண்டி கோபப்படவில்லை. ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "மேடம், நீங்க கடைசியா எப்ப அந்த மலையை நேர்ல பார்த்தீங்க?"

 வேணி மனசுக்குள் வருடங்களை எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். தீர்ப்பு வெள்ளிக்கிழமை என்று மன்றம் கலைந்தது.

அந்த மலை அவளுக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்த மலை. அவளும், பதிவகத்தை அவளோடு நிறுவிய பவுல்ராஜும் கல்லூரி முடித்த வருடம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு முதலில் போன இடமே அதுதான். கிட்டே, நடுவே, தூரே என்று கூர்மையை நகர்த்தி நகர்த்தி ஐந்து படம். ஒவ்வொன்றையும் இருட்டாக ஒன்று, நடுவாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று. ஆகப் பதினைந்து. ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்த பகுதியை மட்டும் பொறுக்கி ஒன்றாக அடுக்கினால் கண்ணுக்கும் எட்டாத ஒரு படம் கிடைக்கும். அன்றைக்கு அதை உட்கார்ந்து கையால் செய்ய அவர்களுக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. அப்புறம் அதையே செய்ய ஓர் இயந்திரம் கட்டினார்கள், அதற்கு அடுக்கி என்று பேர் வைத்தார்கள்.

அடுக்குவதில் ஒரு தொல்லை உண்டு. காற்றில் ஆடிய கிளை இரண்டு மூன்றாகத் தெரியும், நடந்து போகிறவன் புகை மாதிரி தெரிவான். படக்காரர்கள் அதைப் பேய் என்பார்கள். பேயை ஓட்ட வேண்டுமென்றால் எது அசையும் எது அசையாது என்று இயந்திரத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். வேணி சொன்னாள். மரம் அசையும், வண்டி அசையும், மனுஷன் அசைவான். மலை அசையாது. நிலக்காட்சி எடுக்கிற எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய விதி. பவுல் சிரித்துக்கொண்டே அதை அடுக்கியின் முதல் விதியாக எழுதினான்.

அப்போது குவாரிக்காரர்கள் அதிகாரிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய், மலையின் வெட்டாத பக்கத்தைக் காட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்த்த சாட்சி என்பது அந்த லட்சணத்தில் இருந்தது. அதை ஒழிக்கத்தான் வேணி ஊர் ஊராகப் பேசினாள். ஜெயித்தாள். நிலத்தைக் கம்பத்துக் கேமராக்கள் நாள்தோறும் பதினைந்து பதினைந்தாகப் படமெடுத்தன. சான்றும் பட்டாவும் தீர்ப்பும் அடுக்குப்படத்தின்பேரில்தான் நடந்தன. நேரில் போய்ப் பார்க்கிற வழக்கமே மெல்ல விட்டுப்போனது. சான்றே வீட்டுச் சுவரில் வந்து நிற்கும்போது வெயிலில் யார் போவார்கள்? வேணியே போகவில்லை.

மறுநாள் மத்தியானம் சேதுபாண்டியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள். புளியமர வளைவு தாண்டியதும் மலை எழும்பும். அவள் உடம்புக்கே தெரியும். வளைவு தாண்டியது. வெறும் வானம்தான் வந்தது.

பைக்கை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். மலை இருந்த இடத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீரோடு ஒரு பள்ளம், சுற்றிலும் படிப்படியாக அறுத்த வெள்ளைக் கல், பள்ளத்துக்குள் பொக்லைன்கள். தெருவின் தலைக்கு மேலே மட்டும் பனைமர உயரத்துக்கு ஒரு பாறைச் சுவர், மேலிருந்து கீழ்வரை விரிசலோடு. பாறைப் பொடி எல்லாவற்றின்மேலும் மாவு மாதிரி படிந்திருந்தது.

வேணிக்கு அழுகை வந்தது. மலை போனதற்காக மட்டும் இல்லை. இந்த மலை முழுசாக இருக்கிறது என்று சத்தியம் செய்த வாய் அவளுடையது.

"எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும் மேடம்," என்றார் சேதுபாண்டி. "காகிதத்துக்குத்தான் தெரியல."

அவள் முக்காலியை விரித்தாள். முறைப்படியே எடுத்தாள், ஐந்துக்கு மூன்று, பதினைந்து. பள்ளத்தின் ஆழம் தெரியவேண்டும் என்று சேதுபாண்டியை விளிம்பில் நிற்கச் சொன்னாள். அவர் தலையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார்.

சாயங்காலம் பதிவகத்தில் பவுல்ராஜ் அவளுக்கு டீ ஊற்றினான். முப்பது வருடப் பழக்கம், சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற வேலை இல்லை.

"குதிரைப்பல் மலைக்குப் போயிருந்தேன்டா."

டம்ளர் அவன் கையில் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம் அவளுக்குப் போதுமாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"உக்காரு வேணி."

"தெரியுமான்னு கேட்டேன்."

"ஒன்பது வருஷமா தெரியும்."

வேணி உட்கார்ந்தாள். 

அவன் ஒளிக்காமல் சொன்னான், அதுதான் இன்னும் வலித்தது. குவாரித் தூசி கிளம்பின நாட்களில் கேமராவுக்கு மலை மங்கலாகத் தெரிந்தது. மங்கலான இடத்தைத் தெளிவான பழைய நாளின் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள அடுக்கிக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்கு இருவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். மலை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அடுக்கிக்கு அது குறைவு என்று தோன்றவில்லை, மங்கல் என்றுதான் தோன்றியது. மலை அசையாதே! ஆகவே பழைய மலையிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டே வந்தது. லாரியும் பொக்லைனும் அசைந்தன, பேய் என்று தள்ளியது. தள்ளியவற்றைத் தற்செயலாக ஒருநாள் பவுல் திறந்து பார்த்திருக்கிறான்.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? அடுத்த நாளே ஊரைக் கூட்டியிருப்ப. ஒரு மலை தப்புன்னா எல்லா மலையும் தப்பு. ஆறு, ஏரி, காடு, வயல் வரப்பு எல்லாம் தப்பு. பதினோரு வருஷத் தீர்ப்பு அத்தனையும் குப்பை. எத்தனை லட்சம் பேர் வீட்டுப் பத்திரம் இதுமேல நிக்குது, யோசிச்சியா? நான் யோசிச்சேன்."

"அதுக்காக அறுபது வீட்டுமேல கல்லைப் போடுவியா?"

அவன் டீ டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

வேணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. ஒன்பது வருடமாகப் பவுல் எந்த மன்றத்துக்கும் போகவில்லை. முதுகுவலி, பயணம் ஆகாது, கூட்டத்தில் பேச வராது என்று ஏதாவது சாக்கு சொல்வான். ஒவ்வொரு தடவையும் கூண்டில் ஏறியது அவள்.

"என்னை ஏன்டா அனுப்பின?"

"வேண்டாம் வேணி."

"சொல்லு."

பவுல் தரையைப் பார்த்தான். "தெரிஞ்சவன் சொன்னா குரல் நடுங்கும். நீ சொன்னா நடுங்காது."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தன்னுடைய நேர்மையை ஒருவன் இத்தனை வருடமாகக் கருவி மாதிரி எடுத்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறான், அதுவும் சர்க்கரை அளவு தெரிந்தவன். டீ அப்படியே ஆறிக்கிடந்தது. அடுக்கியின் விதியை மாற்ற இருவரிடமும் உள்ள சாவிகள் இரண்டும் சேர வேண்டும், உன் சாவியைக் கொடு என்றாள். மாட்டேன் என்றான். அதையும் ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை வேணி மன்றத்தில் கை தூக்கினாள். முன்பு கொடுத்த சாட்சியத்தைத் திரும்பப் பெறுவதாகவும், மலை இல்லாததை நேரில் போய்த் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னாள். முதல் வரிசையில் சேதுபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரஹ்மத்துல்லா மோசமான மனிதர் இல்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "அம்மா, கண்ணால பார்த்ததைச் சாட்சியமா எடுத்துக்கிறதை நிறுத்தினதே நீங்கதானே? கண்ணும் ஒரு ஒற்றைப்படம்தான், ஒரு தூரம், ஒரு வெளிச்சம், போதாததுக்கு ஒரு விருப்பம்னு நீங்க எழுதினதைத்தான் நாங்க சட்டமாவே வச்சிருக்கோம்."

"தெரியுங்க ஐயா. அதனாலதான் முறைப்படி பதினைந்து எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அப்ப பிரச்சினையே இல்லை. அடுக்கிக்குக் கொடுத்துடலாம்."

"வேண்டாங்க ஐயா! அடுக்கியில போடாம, தனித்தனியா பாருங்க. அதுல ஒரு விதி தப்பு. அது நான் எழுதின விதி."

குவாரி வக்கீல் எழுந்தார். அடுக்காத படத்தை மன்றம் பார்க்கவே கூடாது என்ற பிரிவை வாசித்தார். அந்தப் பிரிவும் வேணியின் வாசகம்தான். தலைவர் தலையை ஆட்டினார். ஊழியர் பதினைந்து படத்தையும் வாங்கி அடுக்கிக்குக் கொடுத்தார். அது தன்னிடமிருந்த பதினோரு வருடப் படங்களின்மேல் அவற்றை வைத்து, நல்லதை எடுத்துக்கொண்டு அல்லாததைத் தள்ள மூன்று நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடமும் வேணி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினைந்திலும் மலையே இல்லையே, பதினைந்தையுமா தள்ளும், ஏதாவது ஓர் ஓரம் தப்பி வராதா என்று நினைத்தாள்.

சுவரில் குதிரைப்பல் மலை வந்தது.

மன்றமே ஒரு மூச்சு இழுத்தது. முன்னால் இருந்த மலை இவ்வளவு அழகாக இல்லை. கம்பத்துக் கேமராக்களுக்குக் கிட்டாத மத்தியான மேகங்கள், வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொரு விளிம்பும் தெளிவாக உச்சிக்குப் பின்னால் நின்றன. முன்னால் இருந்த கல்லும் புல்லும் தொட்டுவிடலாம் போல இருந்தன. வேணியின் கை எடுத்த வெளிச்சம், வேணியின் கை வைத்த கூர்மை. நடுவில் இல்லாத மலை. சேதுபாண்டி நின்ற இடத்தில் ஓர் அரளிச்செடி பூத்திருந்தது.

"இவ்வளவு தெளிவான சான்று இந்த மன்றத்துக்கு இதுவரைக்கும் வந்ததில்லை," என்றார் தலைவர், உண்மையாகவே நெகிழ்ந்து. படத்தின் கீழே, எடுத்தவர் கிருஷ்ணவேணி என்று பதிவாகியிருந்தது. மனு தள்ளுபடி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வெடி வைக்கலாம். குவாரி வக்கீல் வந்து வேணியிடம் கைகூப்பிவிட்டுப் போனார்.

சேதுபாண்டி இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பைத் தேடினார், பள்ளத்தைத் தேடினார், அப்புறம் தன்னைத் தேடினார். பிறகு அவளிடம் வந்தார்.

"உங்களை நம்பித்தானே மேடம் கூட்டிட்டுப் போனேன்," என்றார். "எங்க தெருவே உங்களை நம்பிக்கிட்டு இருக்கு."

"நான் எதுவும் செய்யல, சேதுபாண்டி. பள்ளத்தைத்தான் எடுத்தேன். நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்." அவர் சுவரைக் காட்டினார். "அதுல நான் எங்க இருக்கேன், காட்டுங்க."