குறையாத குலுக்கை

கம்பு புடைத்துக்கொண்டிருந்த சந்திரவல்லியின் விரலில் மறுபடியும் ஒரு முடி சுற்றிக்கொண்டது. அந்த வாரத்தில் நான்காவது. முழ நீளம், நல்ல வெள்ளை, பிசுபிசுவென்று எண்ணெய்ப் பசை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவளுக்கும் தலை கறுப்பு, போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டும் புருஷன் சுருளிவேலுக்கும் கறுப்பு. குமட்டியது. மசக்கை என்று தள்ளிவிட முடியாது, ஐந்து மாதம் ஆகிவிட்டது.

ராசிங்காபுரத்தின் அந்தப் பழைய வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது எழுபத்தெட்டு தை மாதத்தில். உள்ளறை மூலையில் ஆள் உயரத்துக்கும் மேலே தானியம் கொட்டிவைக்கும் ஒரு மண் குலுக்கை, வீட்டோடு சேர்த்துக் கட்டியது. அதில் பாதிக்குக் கம்பு ஏற்கெனவே கிடந்தது. குடிபோகும் வீட்டில் கிடக்கிற தானியத்தை வெளியே கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்று சுருளிவேல் அதன் மேலேயே இரண்டு மூட்டை புதுக்கம்பைக் கொட்டினான். மேலே கொட்டுவது, அடித்துளையில் அடைத்த துணியைப் பிடுங்கி அள்ளுவது. ஆறு மாதம் அள்ளியும் குறையவில்லை. எல்லாம் தன் கைராசி என்று அவள் பீற்றிக்கொண்டாள். முன்னே இரண்டு கரு கலைந்தவளுக்கு, மூன்றாவது நின்றது இந்தக் கம்பங்கூழில்தான்.

இப்போது அந்தக் கூழை நினைத்தாலே நாக்கு வழுவழுத்தது. யார் தலைமுடி இது? யாரைத் தின்றுகொண்டிருக்கிறோம்? பிள்ளைக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது?

பக்கத்து வீட்டு முனியாயிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முன்பு அங்கே குடியிருந்த ஜக்கம்மாள் இப்போது தேவாரத்தில் இருக்கிறாள். மறுநாள் காலை சந்திரவல்லி தேவாரத்துக்கு பஸ் பிடித்துப் போய்விட்டாள்.

ஜக்கம்மாள் சோளக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எந்த வீடு என்று சொன்னதும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள்.

"முடி வருதா ஆத்தா? நகம் வரலையா இன்னும்?"

"அங்கன முன்னாடி யாரு இருந்தது, அக்கா?"

"எங்களுக்கு முன்னால கோட்டைச்சாமி. அவுக அய்யா பெரியகருப்பன் மூணு வருசம் படுக்கையில கெடந்தாரு. ஒடம்பு சுருங்கிச் சுருங்கிப் பிள்ளையாட்டம் ஆயிருச்சு, பசி மட்டும் அடங்கல. ஒருநா ஆளக் காணோம். அந்த வீட்டுலருந்து பாடை கெளம்பி ஊருல ஒருத்தரும் பாக்கல. கோட்டைச்சாமியும் ஏலத்தோட்டத்துக்குன்னு மலையேறுனவன்தான், எறங்கல."

"கம்பு?"

"போட்டது போட்டபடி ஓடியாந்துட்டோம்." அப்போதுதான் அவள் வயிற்றைப் பார்த்தாள் ஜக்கம்மாள். "அடிப்பாவி, அதையா தின்ன? வெரசா வெளியேறு."

திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் வழியே வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தின்றது அத்தனையும் வந்துவிடக் கூடாதா என்று அழுதாள். குலுக்கையைக் காலி செய்து கண்ணால் பார்த்துவிட வேண்டும், அப்புறம்தான் வேறு வேலை.

வீடு சேர மதியமாகிவிட்டது. மலையிலிருந்து இறங்கிய ஆடிச் சாரல் ஓட்டில் நசநசத்துக்கொண்டிருக்க, பகலிலும் இருட்டிக் கிடந்த உள்ளறையில் சிக்குப்பிடித்த எண்ணெயும் படுக்கைப்புண்ணும் சேர்ந்தாற்போல ஒரு வாடை, ஆறு மாதமாக ஈரச்சுவர் என்று அவள் சாணம் போட்டு மெழுகிய அதே வாடை, குலுக்கையின் அடியிலிருந்து வெதுவெதுப்பாக வந்துகொண்டிருந்தது.

துணியைப் பிடுங்கினாள். கம்பு சரிந்தது. காலடியில் குவிந்தது. பாதியில் நின்றுவிட்டது.

உள்ளே அடைத்திருந்தது. கையை விட்டுக் கிளறினால்தான் வரும். விட்டாள்.

முதலில் உலர்ந்த கம்பு. அப்புறம் ஈரம். மென்று துப்பியதுபோல் கொழகொழவென்று உருண்டைகள். உள்ளங்கையில் பிறைபிறையாக நகங்கள் குத்தின. சீ. முழங்கை வரை போய்விட்டது. முடிக்கற்றை மணிக்கட்டில் சுற்றியது.

சூடு.

இரண்டு விரல்களை ஏதோ கவ்வியது. பல் இல்லை. வெறும் ஈறு. எச்சில்.

இழுத்தாள். வரவில்லை. கத்தினாள்.

அது சப்பத் தொடங்கியது. நிதானமாக. சப்பிச் சப்பி விழுங்கியது.

விழுங்கும்போதெல்லாம் அவள் வயிற்றில் பிள்ளை, பசியாறுகிற பிள்ளை கால் உதைப்பதுபோல், உதைத்துக்கொண்டிருந்தது.