டோக்கா மறைகிற இடம்

சுன்னிவாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

கோடை முழுவதும் மலையில் மேய்ந்த நூற்றைம்பது ஆடுகளை ஊரே கூடி ஓட்டிவந்து பட்டியில் அடைத்தாயிற்று. டோக்கா மட்டும் வரவில்லை. சுன்னிவா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு அது. சாயங்காலம் மலையில் பனி கொட்டும் என்று வானொலி சொல்லிவிட்டது.

அப்பா பூட்ஸைக் கழற்றாமலேயே காப்பி குடித்தார். "கடைசியா சிக்னல் வந்த ஏரிக்கரையில தேடியாச்சு, அங்க இல்ல. இன்னும் ஒரே ஒரு எடத்துக்குப் போகத்தான் நேரம் இருக்கு. எங்கேன்னு சொல்லுங்க."

ஒவ்வோர் ஆட்டின் கழுத்திலும் ஒரு கருவி உண்டு. ஆட்டின் எண், நேரம், இடம் என்று மணிக்கு ஒரு வரி வரும். சிக்னல் இல்லாவிட்டால் அதையும் கணினி ஒரு வரியாக எழுதிவைக்கும். நான்கு மாதத்தில் நாலு லட்சம் வரிகள் சேர்ந்திருந்தன.

அவற்றை அண்ணன் எஸ்பென் படித்துக்கொண்டிருந்தான்.

"எது வரைக்கும் வந்துருக்க?"

"மே மாசம், ஒன்பதாம் தேதி."

"டோக்கா காணாமப் போனது மூணு நாள் முன்னாடி, அண்ணா."

"மொதல்லேர்ந்து படிச்சாதான் எதுவும் விட்டுப்போகாது."

"நீ முடிக்கிறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும். எழுந்திரு."

டோக்காவின் எண் 47. அவன் இடத்தில் உட்கார்ந்து, அதைத் தேடக் கணினிக்குச் சொன்னாள். கணினி திணறித் திணறி வரிகளைக் கொட்டியது. 147ஆம் ஆடும் வந்தது. பத்து மணி நாற்பத்தேழு நிமிடத்தில் சிக்னல் அனுப்பிய ஆடுகளெல்லாம் வந்தன.

"பட்டியவே தொறந்து விட்டுட்டியே" என்று எஸ்பென் சிரித்தான்.

சுன்னிவா நகத்தைக் கடித்தாள். ஆட்டின் எண் எப்போதும் வரியின் தொடக்கத்தில்தான் இருக்கும். 47 என்று தொடங்கும் வரிகளை மட்டும் கேட்டாள். நாலு லட்சம், மூவாயிரத்துக்கும் கீழே இறங்கியது.

அதுவும் அதிகம்தான். வெளியே மலையுச்சி மேகத்துக்குள் போய்விட்டது. அவளுக்கு அழுகை முட்டியது.

காணாமல் போன ஆட்டைக் கடைசியாகப் பார்த்த இடத்தில்தான் எல்லோரும் தேடுகிறார்கள். டோக்கா இதற்கு முன்பும் காணாமல் போயிருந்தால்? போனால் எந்தப் பக்கமிருந்து திரும்பி வரும்?

சிக்னல் அறுந்து, மறுபடி கிடைத்த முதல் வரிகளை மட்டும் எடுக்கச் சொன்னாள். பதினோரு வரிகள் வந்தன. பதினொன்றிலும் ஒரே இடம்.

"கரும்பள்ளத்து விளிம்பு" என்றார் அப்பா. "உள்ள இறங்கிட்டா சிக்னலே வராது."

"இந்தத் தடவ ஏன் ஏறி வரலப்பா?"

அவர் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மலையேறும்போது சுன்னிவா அடிக்கடி மேகத்தை அண்ணாந்து பார்த்தாள். அங்கே இல்லாவிட்டால் வேறிடம் பார்க்க நேரமில்லை. அந்த இடத்தைச் சொன்னது அவள்.

பள்ளத்தின் விளிம்பில் மூவரும் நின்று கேட்டார்கள். கீழேயிருந்து ஒரு கரகரத்த "மே" வந்தது.

பாறை இடுக்கில், ஒரு மேசை அகலத் திட்டில் டோக்கா நின்றிருந்தது. ஏறிவரும் தடத்தை மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. அப்பா கயிற்றில் இறங்கி அதைக் கட்ட, அண்ணனும் தங்கையும் கை எரிய எரிய இழுத்தார்கள். மேலே வந்தபோது முதல் பனித்துகள்கள் விழத் தொடங்கியிருந்தன.

சுன்னிவா டோக்காவைக் கட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதாள். டோக்கா உடம்பை ஒரு முறை உதறியது. பிறகு விளிம்பருகே போய்க் கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தது. திட்டில் இன்னும் இரண்டு பிடி புல் மீதியிருந்தது.

"புடிங்கப்பா" என்றாள் சுன்னிவா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பன்னெண்டாவது வரிக்கு ரெடியாகுறா."