எல்லாக் கண்களும் வலப்பக்கம்

எல்லாக் கண்களும் வலப்பக்கம் பார்த்தன.

அப்படி வரக் கூடாது. ஜோஸ்பின் லேப்டாப்பைச் சாய்த்துப் பார்த்தாள். மாசி மகத் தேரைச் சுற்றி நிற்கும் கூட்டம். பீங்கான் குவளைகளில் ஒட்டி விருத்தாசலத்துச் சூளையில் சுடப்போகும் படம். முகம் முகமாக வரைந்தால் முடியாது. சில மூக்குகள், சில வாய்கள், சில கொண்டைகள் வரைந்து வைத்து, ரேண்டம் பொத்தானை அழுத்துவாள். மென்பொருள் அவற்றைக் கலைத்துப் போட்டு ஒரு கூட்டத்தையே நிரப்பிவிடும்.

கண்களை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். முன்பு வேலை பார்த்த களிமண் பொம்மைப் பட்டறையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே கண் எழுதித் திறந்ததும், வேலை சொல்லிக்கொடுத்த அமிர்தம் அக்கா பொம்மையின் முன் ஒரு கண்ணாடியைக் காட்டுவாள். முதலில் அது தன்னையே பார்க்கட்டும், வேறு எதையும் பார்த்துவிடக் கூடாது என்பாள். இன்றைக்குக் கண்களையும் பொத்தானிடம் விட்டாயிற்று. கருவிழிகள் ஆளுக்கொரு பக்கம் சிதறியிருக்க வேண்டும்.

போன் அடித்தது. குவளைப் பட்டறைக்காரர் கோகுலகிருஷ்ணன்.

"இன்னாம்மா, முடிஞ்சுதா? காலையில சூளைக்கு ஏத்தணும்."

"எல்லாம் ஒரே பக்கமா பாக்குதுங்கண்ணே."

"தேரு வந்தா கூட்டம் தேரைத்தான் பாக்கும். பின்ன உங்க வூட்டுக்காரரையா பாக்கும்?" சிரித்தார்.

"தேரு இடது பக்கம் இருக்குதுண்ணே."

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "அப்ப இன்னொரு தரம் அமுக்கிப் பாரு" என்று வைத்துவிட்டார்.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம், கரண்ட் போய்விட்டது, கணவன் சார்லஸ் பெண்ணாடம் சர்க்கரை ஆலையிலிருந்து திரும்ப இன்னும் நேரமிருந்தது, திரை வெளிச்சத்தில் சுவர்கள் நீலமாகத் தெரிய, இடப்பக்கம் உத்தரத்தில் கட்டிய புடவைத் தூளியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், வலப்பக்கம் காற்றுக்காகத் திறந்து வைத்த அடுக்களைக் கதவு லேசாக முனகி முனகி நின்றது.

அழுத்தினாள். மூக்குகள் மாறின. கொண்டைகள் மாறின. கண்கள் வலப்பக்கமே. ஆனால் முன்பு கதவின் ஓரத்தில் இருந்த பார்வை இப்போது கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

எதையோ பார்க்கின்றன. அது நடக்கிறது.

மறுபடி அழுத்தினாள். பார்வை நேராக இருந்தது. அவளை அல்ல, அவள் தலைக்கு மேலே. பிடரியில் ஈரக் களிமண்ணின் வாடை பட்டது. சுடாத பச்சைக் களிமண். அவள் திரும்பவில்லை. மேசையில் கிடந்த கைக்கண்ணாடியை எடுத்துத் திரையின் முன் பிடித்தாள். பார்த்துக்கோங்க, உங்களையே பார்த்துக்கோங்க. ஒரு கண்ணும் அதைப் பார்க்கவில்லை.

வாடை குறைந்தது. அழுத்தினாள்.

இடப்பக்கம். தாழ்வாக.

தூளி.

நாற்காலி சரிந்து விழுந்தது. புடவை மடிப்புக்குள் இரண்டு கைகளையும் விட்டாள். சூடான சின்ன உடம்பு கையில் பட்டது. வாரி எடுத்து மார்போடு அணைத்தாள். "ஒண்ணுமில்லடி தங்கம், அம்மா இருக்கேன்ல." முகம் அவள் கழுத்தில் புதைந்துகொண்டது. அழவில்லை. நல்ல பிள்ளை.

வாசல் இருட்டின் அந்தப் பக்கம். அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எப்படி நடப்பது? தூளி அருகிலா? கதவருகிலா? திரைக்கு வந்தாள். ஒரு கையால் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் பொத்தானை அழுத்தினாள்.

கூட்டம் கலைந்தது. கூடியது.

எல்லாக் கண்களும் நேராக. தலைக்கு மேலே அல்ல. முகத்தை அல்ல. அதற்குக் கீழே.

அவள் மார்பை.

இடப்பக்கம் தூளியில் பாப்பா விழித்துக்கொண்டு பாலுக்கு அழ ஆரம்பித்தாள்.

ஜோஸ்பினின் கழுத்தோரம், பிஞ்சு விரல்கள் நைட்டியை இறுகப் பற்றின.