ஏறி இறங்கும் மார்பு

குழந்தை விரலைப் பிடிக்கவில்லை.

பழங்காநத்தத்து மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் டாக்டர் ஐரின் மாலைதோறும் தன் சுண்டுவிரலை அந்த உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். ஏழு மாதத்திலேயே பிறந்து, தொண்டைக்குள் குழாயும் வென்டிலேட்டருமாகக் கிடந்தாலும் அவன் எப்படியோ பற்றிக்கொள்வான். இன்று அந்தக் கை நனைந்த துணிபோல் துவண்டு கிடந்தது.

மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மானிட்டரில் எண்கள் பச்சையாக மின்னின. இயந்திரம் உஸ்ஸென்று காற்றைத் தள்ள, ஒரு கைக்குள் அடங்கும் அந்த மார்பு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஸ்பிரிட் நெடிக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கும் அடியில், வண்டியூர் தெப்பக்குளம் வற்றும்போது வருமே, அந்தப் பாசி வாடை மெல்ல மூக்கில் ஏறியது. குனிந்து மோந்தால் காணாமல் போனது.

"ரிப்போர்ட் வந்துருச்சு டாக்டர். எல்லாம் நார்மல்," என்றாள் நர்ஸ் இசைவாணி.

"கல்ச்சர்?"

"நாளைக்குத்தான்."

ரத்தத்தில் கிருமி ஏறினால் மற்றக் குழந்தைகள் மூச்சுத் திணறிக் காட்டிக்கொடுக்கும். இவனுக்கோ மூச்சு விடுவதே இயந்திரம். குரல்வளையில் குழாய், அழவும் வழியில்லை. உள்ளே எது வந்து குடியேறினாலும் வெளியே தெரியப்போவதில்லை. கிருமியைக் காட்டும் கல்ச்சர் முடிவு வரட்டும் என்று ஐரின் காத்திருக்கவில்லை. இருப்பதிலேயே வீரியமான மருந்தை ஏற்றச் சொன்னாள்.

வெளியே, கண்ணாடிக் கதவருகே சக்கர நாற்காலியில் தாய் ஆர்த்திகா.

"பேரு வச்சிட்டோம் டாக்டரம்மா. சூர்யபிரகாஷ். அவன் காதுல ஒருவாட்டி சொல்லிருங்க."

"சொல்றேன்மா."

சொன்னாள். இமைகூட அசையவில்லை. அவன் காதுமடல் சில்லிட்டிருந்தது.

பிறகு பாதங்களும் சில்லிட்டன. வயிறு உப்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோலில் வலைபோல நீலம் படர்ந்தது. துடிப்பு சரிந்தது. மருந்து. இரண்டு கட்டைவிரல்களால் மார்பை அழுத்தினாள். இன்னொரு மருந்து. அழுத்தினாள். மானிட்டரில் கோடு எழும்பவில்லை.

"போதும் டாக்டர்." இசைவாணி அவள் தோளைத் தொட்டாள்.

ஐரின் இயந்திரத்தை நிறுத்தினாள். பிளாஸ்திரியை உரித்தாள். குழாயை உருவினாள். அறை அமைதியானது.

மார்பு ஏறியது.

இறங்கியது.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். துடிப்பு இல்லை. ஒன்றுமே இல்லை. வெகு ஆழத்தில் மட்டும், உஸ்ஸென்று, காற்று தள்ளும் சத்தம்.

அவள் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். திரை இருண்டிருந்தது.

இசைவாணி பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். "டாக்டர்... இது... டாக்டர்..."

ஆர்த்திகா நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். அவள் வாய் மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்தது.

"குழாயை எடுத்துட்டாக! எம்புட்டு அழகா மூச்சு விடுறான் பாருங்க, எம் புள்ள!"

நீலம் பாரித்த உதடுகள் விரிந்தன. பாசி வாடை அறையை நிறைத்தது.

மார்பு ஏறியது.