முனகல் நின்ற வீடு

இன்னிக்கு யாருமே முனகலையே.

தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. மதியம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. விளக்குப் போடும் நேரம் ஆகாவிட்டாலும் கூடம் இருட்டிக் கிடந்தது. ஜன்னல் கம்பியில் சொட்டும் நீர், ஃப்ரிட்ஜின் உறுமல், மடியில் குவிந்திருந்த புதுத் திரைத்துணியின் கஞ்சி வாடை, எல்லாம் வழக்கம்போல இருந்தன. முனகலைத்தான் காணோம்.

இடுப்பு மூட்டு தேய்ந்துபோன அந்த நாயை வீட்டில் கிழவன் என்றுதான் கூப்பிடுவார்கள். புரண்டாலும் முனகும், எழுந்தாலும் முனகும். பல்லிடுக்கில் மாட்டிய நாரைத் தேடி நாக்கு போவதுபோல அவள் மனம் அந்தச் சத்தத்தை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. இந்த வாரம் கால்நடை டாக்டரம்மாவிடம் கெஞ்சி வீரியமான மாத்திரை வாங்கி வந்தது நாயின் வலிக்காகவா, தன் காதுக்காகவா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு. பதிலுக்குக் காத்திருந்ததில்லை. டாக்டரம்மா அப்போதே எச்சரித்தார்: வலியைக் குறைக்கலாம், அடியோடு துடைத்து எடுத்துவிடக் கூடாது, எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்புக்குச் சொல்வது அதுதான்.

போன வாரம் கணவன் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து, கணுக்கால் நொறுங்கிப் படுக்கையில் விழுந்தான். அதிலிருந்து படுக்கையறையில் இரண்டு முனகல்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அவனுக்குக் கேட்கவில்லை.

"கிழவனுக்குக் குடுக்கறதை எனக்கும் குடேன். அவன் என்ன, செத்தா போயிட்டான்?" என்று இன்று மதியம் கேட்டான். சிரித்தபடிதான் கேட்டான், உதட்டோரம் நடுங்கியது.

அவளுக்கு மறுக்கத் தோன்றவில்லை. கைப்பழக்கம், நாய்க்குச் செய்வதுபோலவே வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் மாத்திரையைப் பொதிந்து அவனுக்கும் நீட்டினாள். இந்த வீட்டில் தனக்கு ஒருவழியாக ஒரு பதவி உயர்வு கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அவன் மென்று விழுங்கினான். நாய் கட்டிலடியில், அவன் கட்டிலில். இருவரும் அயர்ந்த பிறகு அவள் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள்.

இப்போது அந்த அறையிலிருந்து ஒரு சத்தம்.

சளக். சளக். ஈரமான, பொறுமையான, ருசி கண்ட சத்தம். கிழவன் தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்தாள். தண்ணீர்க் கிண்ணம் அவள் காலடியில், நிறைந்தபடி இருந்தது. மழை வாடைக்குள் வேறொரு வாடை நுழைந்தது, இறைச்சிக் கடைக்காரர் தரையைக் கழுவிவிடும்போது எழும் வெதுவெதுப்பான வாடை.

ஒருக்களித்த கதவு திறந்தது. கிழவன் வந்தது. நொண்டவில்லை. குட்டியாய் இருந்தபோது ஓடிவந்ததுபோல ஓடிவந்து அவள் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. புடவையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

காலைக் கடித்துக்கொண்டுவிட்டது. வலி தெரியாமல் தன்னையே கடித்துக்கொண்டுவிட்டது. அவள் மண்டியிட்டு ஒவ்வொரு காலாக விரல் இடுக்கு வரை தடவினாள். வாலைப் பார்த்தாள். உதட்டைப் புரட்டி ஈறைப் பார்த்தாள். மோவாய் முடியெல்லாம் ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

எலியாக இருக்கும். எலியாகத்தான் இருக்க வேண்டும்.

நாய் அவள் கைகளுக்குள் அசையாமல் நின்றது. வாயை மூடியிருந்தது.

சளக்.

அறைக்குள் சத்தம் நிற்கவில்லை.

"என்னங்க?"

சளக். ஏதோ முறியும் ஒலி. மெல்லும் ஒலி.

எழுந்தாள். சுவரைப் பிடித்தபடி நடந்தாள். கதவு. இருட்டு. ஸ்விட்ச்.

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டுத்துணி அவிழ்ந்து தரையில் கிடந்தது. முழங்காலை மார்போடு மடக்கி, பாதத்தை வாயருகே பிடித்திருந்தான். விரல்கள் இருந்த இடத்தில் வெள்ளையாக, ஈரமாக, எலும்பு.

தலை நிமிர்ந்தான். எத்தனையோ நாளாக அவள் பார்க்காத நிம்மதி அந்த முகத்தில். மோவாயிலிருந்து சொட்டியது.

"வலியே இல்ல," என்றான். "உள்ள ஒரே அரிப்பு. அதான்."

கிழவன் அவளைத் தாண்டிப் போனது. ஒரே தாவலில் கட்டிலேறியது. அவன் நகர்ந்து இடம் விட்டான். இன்னொரு பாதத்தை அதன் பக்கம் நீட்டிக் கொடுத்தான். நாய் கண்ணை மூடிக்கொண்டு நக்க ஆரம்பித்தது. பிறகு பல் பட்டது. அவன் முகம் மாறவில்லை.

தலையணைக்கடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"ஏன் இப்படி நடுங்கற? நீயும் ஒண்ணு போட்டுக்கோ. பக்கத்துல வந்து உக்காரு."

அந்தக் கையில் இரண்டு விரல்கள்தான் மிச்சமிருந்தன.

"எனக்கு வேண்டாங்க," என்றாள் அவள், மெதுவாக.