கோட்டுக் காலரில் ஒரு குறி

“அந்தப் பையப் பிரி.”

அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். காதல் எப்படி எப்படியோ ஆரம்பிக்கும் என்பார்கள்... இப்படியா?

பதுளை பஸ் நிலையத்துத் தகரக் கூரையில் மார்கழி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மடுல்சீமையிலிருந்து வந்த பஸ் அப்போதுதான் சனங்களை இறக்கிவிட்டிருந்தது. ஜெயலெட்சுமி துணிப்பையை மார்போடு அணைத்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நெடுநெடுவென்ற உயரம். நெற்றியில் ஒட்டிய ஈர முடி. வேட்டிக்கு மேலே பழைய கறுப்புக் கோட்டு. பஸ்ஸில் பசறை தாண்டும்வரை இவன் தோளில்தான் இடிபட்டுக்கொண்டு வந்தாள். வளைவுகளில் அவள் விழாமலிருக்கக் கம்பியில் தன் கையை நகர்த்தி இடம்கூடக் கொடுத்தான். நல்லவன் போல என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த நினைப்புக்கு இப்போது தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

“எதுக்குப் பிரிக்கணும்?”

“பாஸ்போட்டக் காணோம். கோட்டு உள்பையிலதான் வச்சேன். பஸ்ஸுல எம்மேல ஒட்டிக்கிட்டு நின்னது நீ ஒருத்திதான்.”

ஒட்டிக்கிட்டு... அந்தச் சொல் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. கூட்டம் கூடிவிட்டது. கூடத்தான் செய்யும், அடுத்தவள் மானம் போவதென்றால் மழைகூட யாருக்கும் உறைக்காது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சலவைச் சோடா வாங்கக் கொண்டுவந்த காலிச் சாக்கு, ஒரு சீப்பு, இலையில் கட்டிய ரொட்டி. ரொட்டி அவிழ்ந்து சேற்றுத் தண்ணீரில் விழுந்தது.

“தேடிக்கங்க. ரொட்டிக்குள்ளயும் பாருங்க. அதுக்குள்ளதான் உங்க நாட்ட ஒளிச்சு வச்சிருக்கேன்.”

யாரோ சிரித்தார்கள். அவன் முகம் செத்துவிட்டது. சட்டென்று குனிந்து அந்த ரொட்டியைப் பொறுக்கினான். அப்போது கோட்டின் காலர் பிரிந்து உள்பக்கம் தெரிந்தது... இரண்டு கோடு, ஒரு புள்ளி.

ஜெயலெட்சுமிக்குத் திக்கென்றது. அது அவள் தன் கையால் போட்ட குறி.

அவள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து டோபி மாரிசாமியின் மகள். எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்று தெரிய ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் சேராங்கொட்டைப் பாலில் ஒரு குறி போடுவார்கள். இரண்டு கோடு ஒரு புள்ளி என்றால் அழகர் கங்காணி வீடு. அந்தக் கங்காணிதான் செத்து, முந்தாநாள் கருமாதியும் முடிந்துவிட்டதே. இவன் அவருடைய தம்பி மகனாக இருக்க வேண்டும், பெரியப்பாவின் கருமாதிக்குத் திருச்சியிலிருந்து பிளேனில் வந்தவன் என்று லயத்து வீடுகளிலெல்லாம் பேசிக்கொண்டார்களே, சின்னராசாவோ என்னவோ.

செத்தவர் உடுத்திய துணியெல்லாம் கருமாதியன்று டோபிக்குப் போய்விடும். அதுதான் முறை. கங்காணியின் கோட்டும் மூட்டையோடு அப்பாவிடம் வந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கங்காணிக்கும் இவன் அப்பாவுக்கும் ஒரே பதுளைத் தையல்காரர் தைத்த கோட்டு, இவன் மாட்டி வந்த அப்பா கோட்டும் அதுவும் ஒரே ஆணியில் தொங்கியிருக்கும். துக்க வீட்டுப் பரபரப்பில் இவன் பெரியம்மா எதையோ எடுத்து எதையோ கொடுத்துவிட்டாள். இவன் விடியற்காலை இருட்டில் செத்தவர் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். இவனுடையது, பாஸ்போட்டோடு, அவள் வீட்டு மூலையில் கட்டிய மூட்டைக்குள் கிடக்கிறது.

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை போதும்.

சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நாலு பேர் முன்னால் திருடி என்றவன், நாலு இடத்தில் தேடி அலையட்டும்.

பாஸ்போட் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போய்க் கொழும்புக் கோச்சி ஏறி என்ன பயன்? சலவைச் சோடா வாங்காமலே அவள் திரும்பிய அதே பஸ்ஸில் அவனும் தோட்டத்துக்கே திரும்பினான். விதி என்பது இதுதான், காலியாக இருந்த ஒரே இடம் அவள் பக்கத்தில். நின்றுகொண்டே வந்தான். கண்டக்டர் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான், அவள் மேல் படாமல் சீட்டு நுனியில் ஒதுங்கி.

அந்தச் சேற்று ரொட்டி இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

“எதுக்கு அதக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க? வெளிய எறிங்க.”

“மனசு வரல,” என்றான். “எங்கம்மாவும் இப்படித்தான் கட்டித் தரும்.”

பிறகு அவனாகவே பேசினான். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தெரியாதவன்போல் எதிர்சீட்டைப் பார்த்துப் பேசினான். இந்த மடுல்சீமையில்தான் பிறந்தானாம். தோட்டத்துச் சனங்களை இரண்டு நாடும் பங்கு போட்ட ஒப்பந்தத்தில் இந்தியக் கணக்கில் அப்பாவின் பெயர் வந்து, குடும்பத்தோடு அனுப்பிவிட்டார்களாம். திருச்சியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அங்கே அவன் பெயரே சிலோன்காரன். கடல் கொந்தளிப்பால் கப்பல் ஓடாமல் நின்றுபோகவே, முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி பிளேன் டிக்கட் எடுத்துக் கொடுத்தாராம். நாளை மறுநாள் பிளேன். விட்டால் வேறு பாஸ்போட் எடுக்க எத்தனை மாசமோ, வேலை அதுவரை காத்திருக்காது.

“அங்க போனா சிலோன்காரன். இங்க வந்தா இந்தியாக்காரன். நான் யாருன்னு சொல்ல அது ஒண்ணுதான் இருந்துச்சு, புள்ள... அதான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்.”

ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்தாள். இவனைக் கோபிக்கவும் விடமாட்டான் போலிருக்கிறதே... அவன் கண்கள் ஈரமாக இருந்தன, பெரிய கண்கள், பொய் சொல்லத் தெரியாத கண்கள். அதைப் பார்த்ததற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

“எங்களுக்கும் வந்திருச்சு, பாஸ்போட்டு,” என்றாள் வெடுக்கென்று. “பொங்கல் கழிச்சு கப்பல். ஊருக்குப் போங்கன்னு சொல்றாங்க. எந்த ஊரு? நான் கண்ணால பாத்த ஊரு இந்த மலைதான். எங்கள அள்ளிக் கொண்டுபோய் எங்கயோ கொட்டுறாங்க, யாரும் கேக்கல. நீங்க ஒரு புத்தகத்தத் தொலைச்சதுக்கு எம் பையத் தலைகீழாக் கொட்ட வச்சீங்க.”

அவன் ரொட்டியிலிருந்த சேற்றை விரலால் துடைத்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாரிசாமி மூட்டையை அவிழ்த்தார். குறி இல்லாத கோட்டு. உள்பையில் பாஸ்போட், நனையாமல், கசங்காமல். செத்தவர் பெயரால் டோபிக்குக் கொடுத்தது அந்த வீட்டு வாசலைத் திரும்ப மிதிக்கக் கூடாது. கொண்டுபோய்க் கொடுத்தால் தீட்டு என்பார்கள், கொடுக்காவிட்டால் திருட்டு என்பார்கள். அந்தி மசங்கியதும் அவர்கள் வேலியோரம் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றார்.

“வேலியில போட்டா திருடிட்டுப் பயந்து போட்டோம்னு ஆகும்ப்பா. அவங்க துணியெல்லாம் நம்ம வீட்டுக்கு வருதில்ல? துணிக்காரரும் வரட்டும்.”

மாரிசாமி மகளைப் பார்த்தார். இவள் அம்மா இருந்திருந்தால் இந்தக் கோபத்துக்கு ஒரு மூக்கணாங்கயிறு போட்டிருப்பாள். அவர் படுக்கப் போனார். ஜெயலெட்சுமி அந்தக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கங்காணி வீட்டு முற்றமே கலைந்து கிடந்தது. பெட்டி, பாய், தலையணை எல்லாம் வெளியே. சின்னராசா வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய பெரியம்மா அங்கம்மா, டோபி மகள் பின்வாசலுக்குப் போகாமல் முன்வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“நீங்க போட்டிருக்கிறது உங்க பெரியப்பா கோட்டு,” என்றாள் ஜெயலெட்சுமி அவனைப் பார்த்து. “காலரத் திருப்பிப் பாருங்க, உங்க வீட்டுக் குறி இருக்கும். உங்களுது எங்க மூட்டையில மாறி வந்திருச்சு. பாஸ்போட்டு உள்ள பத்திரமா இருக்கு. வந்து வாங்கிக்கங்க.”

அவன் காலரைத் திருப்பினான். நெருப்பைத் தொட்டவன்போலக் கோட்டைக் கழற்றினான்.

அங்கம்மாதானே கோட்டை மாற்றி எடுத்துக் கொடுத்தாள், அந்தக் குற்றமே கோபமாக மாறியது. கோட்டு போனது போகட்டும், புத்தகத்தை மட்டும் எடுத்து வந்து முற்றத்துக் கல்லில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். கருமாதி முடிந்த வீட்டுப் பிள்ளை டோபி வீட்டுப் படி ஏறினால் சாதிசனம் காறித் துப்பும் என்றாள்.

“அவரே கேட்டுக் கையில வாங்கட்டும்மா. கல்லுல வச்சிட்டுப் போறதுக்கு நான் ஒண்ணும் திருடல,” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னால் காலடி கேட்கிறதா என்று அவள் காது கூர்ந்தது... கேட்கவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை தாண்டினாள். கேட்கவில்லை. வராட்டிப் போகட்டும், அந்தப் பாஸ்போட்டை அடுப்பில் வைத்துவிடுகிறேன் பார் என்று மனசுக்குள் கறுவினாள். கறுவும்போதே கண் கலங்கியது, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் போய்த் திரும்பினால், அவன் நிற்கிறான். குனிந்து, நிலையில் தலை இடித்து, உள்ளேயே வந்துவிட்டான். கங்காணியின் கோட்டை இரண்டு கையாலும் மாரிசாமியிடம் நீட்டினான்.

“இது உங்களுக்கு வரவேண்டியது, மாமா.”

மாமா... டோபியை அந்தத் தோட்டத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மாரிசாமி அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். ஜெயலெட்சுமி ஒரு தட்டில் ரொட்டியும் கிளாஸில் தேத்தண்ணியும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள், தின்கிறானா பார்ப்போம் என்று. அவன் கீழே உட்கார்ந்து ஒரு துணுக்குவிடாமல் தின்றான்.

“எங்கம்மா ரொட்டியவிட இது காரம்,” என்றான்.

“கோவத்துல சுட்டது.”

முதல் தடவையாக அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பார்க்காமலிருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பாள்.

பாஸ்போட்டோடு தன் கோட்டை வாங்கியதும் அவன் எழுந்து, இன்னும் ஒரு கடன் பாக்கியிருக்கிறது, பதுளைவரை வரவேண்டும் என்று அவளைக் கேட்டான். வாங்காமல் விட்ட சலவைச் சோடாவும் இருந்தது. மாரிசாமி தலையாட்டினார்.

நேற்று நின்ற அதே இடம். அதே மழை. பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, சின்னராசா குரலை உயர்த்திச் சொன்னான்.

“நேத்து இந்த எடத்துல இந்தப் புள்ளயத் திருடின்னேன். அது பொய். எம் பொருள் அதுகிட்ட பத்திரமா இருந்துச்சு. தப்பு பண்ணினது நான்.”

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழவர் தலையாட்டினார், பாதிப்பேர் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆனால் ஜெயலெட்சுமியின் நெஞ்சில் நேற்றிலிருந்து கிடந்த கல் ஒன்று நகர்ந்தது.

கோச்சிக்கு நேரமாகிவிட்டது. அவன் கோட்டை மாட்டப் போனான். பாதியில் கையை நிறுத்தினான். நேற்று பட்ட பாட்டில் அவனுக்குக் காலரைப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. உள்பக்கம் புதிதாக ஒரு குறி... சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி.

“இது எந்த வீட்டுக் குறி?”

அவள் தரையைப் பார்த்தாள். காது சிவந்தது.

“எங்க வீட்டுக் குறி.”

“உங்க வீட்டுத் துணிக்கும் குறி உண்டா?”

“கிடையாது. எங்க துணி எங்க போயிரப் போகுது... ராத்திரிதான் போட்டேன். கோவத்துலதான் போட்டேன். இந்தக் கோட்டு இனிமே யாரு மூட்டைக்கும் மாறிப் போகக் கூடாதுன்னு.”

அவன் அவள் கண்களைப் பார்த்தான். கோபம் இன்னும் இருந்தது, கோபத்துக்குப் பின்னால் இருந்ததையும் இப்போது அவள் மறைக்கவில்லை.

“கப்பல் வந்து இறங்குறவங்கள மண்டபம் கேம்புக்குத்தான் கொண்டாருவாங்க. எனக்குத் தெரியும், நாங்களும் அங்கதான் கெடந்தோம்,” என்றான். “அந்த வாசல்ல நான் நிப்பேன், இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு. என்ன வெயில் அடிச்சாலும் கழட்ட மாட்டேன். உன்னைய எனக்குப் புடிச்சிருக்கு, ஜெயலெட்சுமி. உங்கப்பாகிட்ட அங்கேயே கேட்டுருவேன்.”

“உங்க பெரியம்மா காறித் துப்புவாங்க.”

“கடல் தாண்டி வந்து விழாது.”

சிரிப்பு வந்தது அவளுக்கு, கூடவே அழுகையும். இரண்டையும் ஒன்றாக முழுங்கிவிட்டு, அவன் கோட்டின் உள்பையைத் தொட்டு, பாஸ்போட் இருக்கிறதா என்று தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் அவளைத் திருடி என்று சொல்லவில்லை.

“போற ஊரு எனக்குத் தெரியாது,” என்றாள். “உங்களத்தான் தெரியும். வாசல்ல நிக்காம மட்டும் இருந்தீங்க... நேத்துப் பட்ட கோவமெல்லாம் ஒண்ணுமே இல்லேன்னு ஆயிரும், சொல்லிட்டேன்.”