கொட்டகையில் நிற்கும் முசியே

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். வீடு பார்க்க வருகிறவர்களில் இது அபூர்வம். மொர்வான் காட்டுப் பாதையில் ஏதாவது ஒரு வளைவைத் தவறவிட்டு, மரம் வெட்டுகிற யாரிடமாவது வழி கேட்டு, சேறு பூசிய காரோடு அலுத்துப்போய் வந்து சேர்வதுதான் வழக்கம். ஓதில் சமையலறைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். முன்னால் தரகர் செவரினின் சின்னச் சிவப்புக் கார். அதன் பின்னால் லியோன் நகரத்திலிருந்து வந்த ஒரு பெரிய கார்.

அவள் முடியைக் கோதிக்கொண்டாள். அறுபத்து மூன்று வயதில், யாரோ தன்னைப் பெண் பார்க்க வந்ததுபோல நெஞ்சு அடித்துக்கொண்டது.

'புதுப்பித்த பண்ணை வீடு. வைக்கோல் கொட்டகை, தொழுவம், ரொட்டி சுடும் அறை, கிணறு. விற்பனைக்கு.' நான்கு ஆண்டுகளாக இந்த விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது. வீடு மட்டும் விற்கவில்லை. விற்றுவிடக் கூடாது என்றுதான் ஓதில் வாய் கூசாமல் அப்படியொரு விலை சொல்லிவைத்திருந்தாள். செவரினுக்கு அது தெரியாது. பிடிவாதக்காரக் கிழவி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, மாதம் ஒரு முறையாவது யாரையாவது கூட்டிவந்து காட்டுவாள்.

முதலில் ஓதிலும் நிஜமாகவே விற்கத்தான் நினைத்தாள். இடிந்து கிடந்த தொழுவத்தையும் வீட்டையும் பதினோரு வருஷம் அவளும் கணவன் லுசியேனும் கல் கல்லாகத் தூக்கி நிறுத்தினார்கள். கடைசி அறைக்குச் சுண்ணாம்பு அடித்த அதே மாதம் லுசியேன் செத்துப்போனான். பிள்ளைகள் இல்லை. இவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்தி என்ன செய்வாள்?

ஆனால் வீடு பார்க்க முதன்முதலில் வந்த திஜோன் பள்ளிக்கூடத்து ஆசிரியை, கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பக் கூச்சம் போல மதாம். வணக்கம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினாரு."

அவள் சொன்ன அடையாளம்: உயரமான ஆள். நீல வேலைச்சட்டை. கொஞ்சம் குனிந்த தோள்.

லுசியேன்!

ஓதில் கொட்டகைக்கு ஓடினாள். பழைய வைக்கோல் வாசனை, உத்தரத்தில் புறாக்களின் முனகல், அவ்வளவுதான். இருட்டும்வரை நின்றாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. தபால்காரர் கண்ணுக்கோ, அக்கம்பக்கத்துக்காரர்கள் கண்ணுக்கோ, செவரின் கண்ணுக்கோ பட்டதில்லை. முதல்முறை இந்த வாசலை மிதிக்கிற வேற்றாட்களுக்கு மட்டும், அதிலும் எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும், அந்த 'முசியே', அந்த வீட்டு ஐயா, தென்பட்டார்.

அதனால் அவளுக்கு வேற்றாட்கள் வேண்டியிருந்தது. அவர்கள் வர வேண்டுமானால் வீடு விற்பனைக்கு இருந்தாக வேண்டும்.

முதல் வருஷம் அவரைக் கொட்டகையில் பார்த்தார்கள். அடுத்த வருஷம் தொழுவத்தில். பிறகு ரொட்டி சுடும் அறையின் வாசலில். போன வசந்தத்தில் முற்றத்து வால்நட் மரத்தடியில். நெருங்கி வருகிறான், என்னிடம்தான் வருகிறான் என்று ஓதில் பூரித்துப்போனாள். ஒவ்வொரு சாயங்காலமும் சமையலறையில் உட்கார்ந்து அவனோடு பேசுவாள். முட்டி வலி, பனி, தங்கையோடு போட்ட சண்டை, யாரிடமும் சொல்லாத பழைய வெட்கங்கள், எல்லாம். "கேக்கறியா லுசியேன்? நீ இருக்கேன்னு தெரியும். இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

லியோன்காரர்கள் இறங்கினார்கள். தெனி, ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். குட்டையான, கலகலப்பான மனிதர். வந்ததும் வராததுமாக எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவி மிரேய் நேராகச் சுவரிடம் போய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள்.

"இவ தட்டித் தட்டியே சுவரை இடிச்சிடுவா மதாம், அப்புறம் விலையைக் குறைக்கச் சொல்லுவா," என்றார் தெனி.

"நீங்க பேசிப் பேசியே ஏத்திடுவீங்க. அதுக்கு இது தேவலை," என்றாள் மிரேய், தட்டுவதை நிறுத்தாமல்.

ஓதிலுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"வெளியில இருக்கற கட்டடத்தையெல்லாம் நீங்களே போய்ப் பாருங்க," என்றாள் வழக்கம்போல. "எனக்கு முட்டி வலி." செவரின் போன் பேச வெளிக்கேட்டுக்குப் போனாள், இந்தப் பள்ளத்தில் அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். மிரேய் கிணற்றடிக்குப் போனாள்.

ஓதில் காபியை அடுப்பில் வைத்துவிட்டு, கொட்டகையைப் பார்த்தபடி சன்னலோரம் நின்றாள். நவம்பர் மாதத்து வெளிச்சம் முற்றத்தில் சாம்பலாகக் கிடந்தது. காற்றுக்குக் கூரையின் கற்பலகைகள் லேசாகக் கிடுகிடுத்தன. தெனியைக் காணவில்லை. கொட்டகைக்குள் போயிருப்பார், இந்நேரம் பார்த்திருப்பார் என்று நினைத்தாள்.

தலைக்கு மேலே மரத்தளம் முனகியது.

தெனி வெளியே போகவில்லை. மாடியில் நடந்துகொண்டிருந்தார். நடை ஓரிடத்தில் நின்றது. அவர் ஏதோ சொல்வதும், பிறகு வாய்விட்டுச் சிரிப்பதும் கேட்டது. பதில் பேச்சு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பதிலுக்குக் காத்திருப்பவர் போல அவர் நடுநடுவே நிறுத்தினார்.

காபி பொங்கி வழிந்தது. ஓதில் அசையவில்லை.

தெனி வலது கையை உதறிக்கொண்டே படியிறங்கி வந்தார். "கூரை உத்தரத்தைப் பாக்கலாம்னு ஏறினேன். உங்க வீட்டுக்காரர் மேல இருக்காருன்னு சொல்லவே இல்லையே மதாம்! நல்ல மனுஷன்."

வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான்! ஓதில் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். "எங்க... எங்க நின்னாரு?"

"நிக்கலை. கட்டில்ல உக்காந்திருந்தாரு. சன்னல் பக்கம்."

சன்னல் பக்கம் அவள் படுக்கும் பக்கம். லுசியேன் எப்போதும் கதவுப் பக்கம்தான்.

"ஆனா பிடின்னா பிடி! கையைக் குலுக்கினாரு பாருங்க, எலும்பு நொறுங்காதது என் அதிர்ஷ்டம்." தெனி சிரித்தபடி கையைத் திருப்பிக் காட்டினார். புறங்கையில் வெளிறிய தடங்கள். இந்தப் பக்கம் நான்கு விரல், அந்தப் பக்கம் கட்டைவிரல்.

ஓதில் ஒருமுறை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

இருபது வருஷத்துக்கு முன்பு லுசியேனின் வலது கையில் இரண்டு விரல்களை ரம்பம் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அவன் யாருக்கும் கை கொடுத்ததில்லை. கை அழுக்காக இருக்கும்போது வேலைக்காரர்கள் செய்வதுபோல மணிக்கட்டை நீட்டுவான். எதிராளி அதைப் பிடித்துக் குலுக்குவார். கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் மணிக்கட்டுதான்.

"மணிக்கட்டை நீட்டலையா அவரு?" அவள் பார்வை இன்னும் அந்தத் தடங்களிலேயே இருந்தது.

"எதுக்கு? கை சுத்தமாத்தானே இருந்துது. வெள்ளை வெளேர்னு. சில்லுன்னு."

போன இடத்தில் விரல்கள் திரும்பக் கிடைக்குமோ என்னவோ. செத்தவர்களைக் கடைசி நாளில் முழுசாகத்தான் எழுப்புவார்கள் என்று பாதிரியார் சொல்லியிருக்கிறாரே. ஓதில் அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

"என்ன சொன்னாரு?"

"அதைக் கேளுங்க!" தெனி குரலைத் தாழ்த்திக் கண்ணைச் சிமிட்டினார். "புது மாப்பிள்ளை மாதிரி பேசறாரு. 'நான் இங்க ரொம்பக் காலமா இருக்கேன், இவங்க வர்றதுக்கும் முன்னாடியே. யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. இந்த நாலு வருஷமாத்தான் இவங்க தினமும் பேசறாங்க. கிட்ட வா, கிட்ட வாங்கறாங்க. என்னை வேற யாரோ ஒருத்தன் பேரு சொல்லித்தான் கூப்பிடறாங்க. பரவாயில்லை'ன்னாரு. அப்படி என்ன பேரு மதாம்? செல்லப் பேரா?"

ஓதில் வழிந்த காபியைத் துணியால் துடைக்கத் தொடங்கினாள்.

மேலே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

மிரேய் உள்ளே வந்தாள், பின்னாலேயே செவரின். கிணறு பிடித்துவிட்டது, கொட்டகை பிடித்துவிட்டது, சுவர்கூடக் கெட்டியாகத்தான் இருக்கிறது என்றாள் மிரேய். சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறோம் என்றார் தெனி. செவரினுக்குத் தலைகால் புரியவில்லை. கார் ஏறும்போது தெனி திரும்பி, "முசியேகிட்டயும் சொல்லிடுங்க, வரோம்," என்றார்.

"எந்த முசியே?" என்றாள் செவரின்.

"பக்கத்துத் தோட்டக்காரர்," என்றாள் ஓதில் அவசரமாக.

பெரிய கார் போனதும் செவரின் அவள் தோளைத் தொடப்போய், என்ன தோன்றியதோ, கையை இழுத்துக்கொண்டாள். "மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சே மதாம். இந்தக் குளிர்ல தனியா எதுக்கு? எங்கூட ஊருக்கு வந்துடுங்க. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுட்டு, ஒரேயடியா நிம்மதியா இருக்கலாம்."

போயிருக்கலாம். காரின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஓதில் ஒரு கால் எடுத்தும் வைத்தாள். பிறகு, ஊருக்குப் போய் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து யாரோடு பேசுவது என்று நினைத்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

சிவப்பு விளக்குகள் மரங்களுக்குள் மறைந்தன. மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் காடு கறுத்துவிட்டது. அவள் முற்றத்தில் நின்று அழுதாள். லுசியேன் அங்கே இல்லை. கொட்டகையில் இல்லை, மரத்தடியில் இல்லை, எந்தச் சாயங்காலமும் அவன் எதையும் கேட்கவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்பே போனவனை இன்றைக்குத்தான் அவள் பறிகொடுத்தாள். அவனுக்கென்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வேறு யாருடைய காதிலோ போய் விழுந்திருக்கிறது. குளிர் எலும்பில் ஏறியபோது அவள் உள்ளே போனாள்.

சமையலறையில் தீய்ந்த காபி நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு வாசனை, மழை படாத மண்ணைத் தோண்டினால் வருவது போல.

விளக்கைப் போட்டாள். தன் நாற்காலியில், படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேலே ஒரு காலடி.

பிறகு படியில் ஒன்று.

பழக்கமில்லாத வீட்டில் இறங்குகிறவர்போல, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

கடைசிப் படி.

"நீங்க லுசியேன் இல்லை," என்றாள் ஓதில். இத்தனை வருஷமும் நீ, வா, போ என்று பேசிய அதே சமையலறையில், முதல்முறையாக 'நீங்க' என்றாள்.

அடுப்பில் விறகு சரிந்தது. மூச்சுவிடும் சத்தமில்லை. மண் வாசனை மட்டும் நெருங்கி வந்து முதுகுக்குப் பின்னால் நின்றது.

அவள் தோளில் ஒரு கை பட்டது.

பனிக்கட்டி போலிருந்தது. கம்பளிச் சட்டையைத் தாண்டி, தோலைத் தாண்டி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, கழுத்தோரம் கட்டைவிரல். கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து ஓடவேண்டும் என்றும் தெரிந்தது. வாசற்கதவு நாலே எட்டில் இருந்தது.

ஆனால் லுசியேனைப் புதைத்த நாளிலிருந்து யாரும் அவள் தோளைத் தொட்டதில்லை.

கண்ணீர் காய்வதற்குள் அவள் மெல்லத் தலையைச் சாய்த்தாள். கன்னம் அந்த விரல்களில் பட்டது.

"கை ரொம்பச் சில்லுன்னு இருக்கு," என்றாள். "அடுப்புப் பக்கம் வந்து உக்காருங்க."

கை விலகியது. எதிரே இருந்த காலி நாற்காலி, கல் தரையில் உரசிக்கொண்டு, மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.